மணலில் பூக்கும் நமாக்வாலாந்து டெய்சி: புதியவர்கள் அடையாளம் காண ஒரு வழிகாட்டி

ஆகஸ்டு இரண்டாம் வாரம் வந்தால் போதும், கேப் டவுன் தமிழர்களின் வாட்ஸ்அப் குழுக்கள் எல்லாம் ஆரஞ்சு நிறமாகிவிடும். குடும்பத்தோடு காரில் வடக்கே போனவர்கள் பூப்பாய் விரித்தது போன்ற வயல்களைப் படமெடுத்து அனுப்புவார்கள். எல்லாப் படத்துக்கும் கீழே ஒரே பெயர்தான்: நமாக்வாலாந்து டெய்சி. அவற்றில் பலவற்றில் அந்தப் பூவே இருக்காது என்பது வேறு விஷயம். குறையாகச் சொல்லவில்லை. முதல் ஆண்டில் நானும் அதைத்தான் செய்தேன். தூத்துக்குடியில் இருக்கும் அம்மாவுக்குப் பெருமையாக அனுப்பிய படத்தில் இருந்தது கசானியா என்ற வேறொரு பூ. அதைச் சொல்லித் திருத்துவதற்கு எனக்கு ஒரு வருடம் பிடித்தது.

நான் குதிரைமொழித் தேரியை ஒட்டிய ஊரில் வளர்ந்தவன். செம்மணலில் கால் புதையப் புதைய நடந்து பள்ளிக்கூடம் போனவனுக்கு, மணலில் எது முளைக்கும், எது முளைக்காது என்பது தெரியும் என்று ஒரு நினைப்பு இருந்தது. தேரியில் பனை நிற்கும், முந்திரி நிற்கும். ஆறு வாரம் மட்டும் பூத்து மலை அடிவாரம் வரை ஆரஞ்சுத் துணி விரித்துவிட்டுப் போகிற ஒரு செடியை நான் அங்கே பார்த்ததில்லை. ஆகவே இந்த ஊருக்குப் புதிதாக வந்து, அடுத்த ஆகஸ்டில் வடக்கே போகத் திட்டமிடுகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். தாவரவியல் படித்திருக்க வேண்டியதில்லை. குனிவதற்கு முதுகும், பத்து மடங்கு பெரிதாக்கும் கைலென்ஸ் ஒன்றும் இருந்தால் போதும்.

பெயரிலேயே பாதி விடை

தாவரவியல் பெயர் டைமார்ஃபோதிகா சினுவாட்டா. வாயில் நுழையக் கொஞ்சம் அடம் பிடிக்கும், ஆனால் மனப்பாடம் செய்துகொள்ளுங்கள், பயன் இருக்கிறது. டைமார்ஃபோதிகா என்றால் இரண்டு வடிவக் கனிகளை உடையது என்று பொருள். சினுவாட்டா என்பது அலை அலையான ஓரத்தைக் குறிக்கும். இங்கே இலையின் ஓரம். பெயர் வைத்தவர்கள் இந்தச் செடியை வேறு செடிகளிலிருந்து பிரித்தறிய இலையையும் கனியையும்தான் பார்த்திருக்கிறார்கள். ஆரஞ்சு நிறத்தைப் பற்றி அந்தப் பெயரில் ஒரு சொல்லும் இல்லை. அந்த நிறத்தில் நமாக்வாலாந்தில் குறைந்தது அரை டஜன் பூக்கள் அடுத்தடுத்து நிற்கின்றன. நிறத்தை மட்டும் பிடித்துக்கொண்டு போனால், கல்யாண வீட்டில் பட்டு வேட்டி கட்டியவர்களில் மாப்பிள்ளையைத் தேடுகிற கதைதான்.

உள்ளூர்ப் பெயரும் கைகொடுக்காது. பண்ணைக்காரர்களிடம் கேட்டால் 'ஹௌஸ்ப்லொம்' என்பார்கள். அவர்கள் சொல்வது சரிதான். ஆனால் ஆஃப்ரிகான்ஸ் மொழியில் ஆரஞ்சும் மஞ்சளுமாக வட்டமாகப் பூக்கிற பல பூக்களுக்கு அதுவே பெயர்.

இன்னொன்றையும் தெரிந்துகொண்டு கிளம்புங்கள். இது சூரியகாந்தி, சாமந்திக் குடும்பம். ஊரில் வாய்க்கால் ஓரத்தில் நிற்கும் வெட்டுக்காயப் பூண்டும் இதே குடும்பம்தான். இந்தக் குடும்பத்தில் நாம் ஒரு பூ என்று நினைப்பது உண்மையில் ஒரு பூங்கொத்து. சுற்றிலும் இதழ் போல நீட்டிக்கொண்டிருப்பவை ஒவ்வொன்றும் ஒரு தனிப் பூ. அவற்றைக் கதிர்ப்பூக்கள் என்று சொல்வோம். நடுவில் பொத்தான் போல நெருங்கி நிற்பவை தட்டுப்பூக்கள். இவை எல்லாவற்றையும் கீழிருந்து தாங்கும் பச்சைக் கிண்ணம் பூவடிச் செதில்களால் ஆனது. இந்த மூன்று பெயர்களும் நினைவில் இருந்தால் மீதி எல்லாம் சுலபம்.

முதல் படி: நாளும் நேரமும்

இந்தப் பூ சோம்பேறி. வெயில் ஏறி நிலம் சூடாகும் வரை கண் திறக்காது. தெளிந்த நாளில் காலை பத்தரை, பதினொன்றுக்கு விரியத் தொடங்கி, மாலை நான்கு மணிக்குள் மூடிக்கொள்ளும். மேகம் மூடினாலும், குளிர்காற்று அடித்தாலும் நாள் முழுக்கத் திறக்காது. இது தெரியாமல் ஒரு சனிக்கிழமை விடியற்காலை கேப் டவுனிலிருந்து கிளம்பி, என்7 நெடுஞ்சாலையில் ஏறக்குறைய 490 கிலோமீட்டர் ஓட்டி நமாக்வாலாந்தில் உள்ள காமிஸ்க்ரோன் என்ற ஊருக்குப் போய்ச் சேர்ந்தோம். வானம் கஞ்சித் தண்ணீர் நிறத்தில் இருந்தது. வயல் முழுக்க முறுக்கிய மொட்டுகள். பிள்ளைகள் காரை விட்டு இறங்கவே இல்லை. புளிசோற்றைச் சாப்பிட்டுவிட்டுத் திரும்பினோம்.

ஆகவே வானிலை அறிக்கையைப் பார்த்துவிட்டுத்தான் நாளைக் குறிக்க வேண்டும். பருவம் ஆகஸ்டு முதல் செப்டம்பர் நடு வரை. நம் கணக்கில் ஆடிக் கடைசியும் ஆவணியும். ஊரில் ஆடிக் காற்று அம்மியைத் தூக்குகிற காலத்தில் இங்கே குளிர்காலம் முடிந்துகொண்டிருக்கும். ஏப்ரல், மே மாதங்களில் நல்ல முதல் மழை விழுந்து, அதன்பின் விட்டுவிட்டுத் தூறல் தொடர்ந்திருந்தால் அந்த ஆண்டு பூ செழிக்கும். முதல் மழை ஏமாற்றினால் செழிப்பை எதிர்பார்க்காதீர்கள்.

திசையும் முக்கியம். நாம் இருப்பது பூமத்திய ரேகைக்குத் தெற்கே. இங்கே நண்பகல் சூரியன் வடக்குப் பக்கம் நிற்கும், பூக்களும் வடக்கே முகத்தைத் திருப்பி நிற்கும். கேப் டவுனிலிருந்து வடக்கே போகும்போது கார்க் கண்ணாடி வழியே நீங்கள் பார்ப்பது பூக்களின் முதுகை. திரும்பி வரும்போதுதான் முகம் தெரியும். வயலில் நின்று பார்க்கும்போதும் சூரியன் உங்கள் முதுகில் விழும்படி நின்றுகொள்ளுங்கள்.

இரண்டாம் படி: மண்

நமாக்வாலாந்து, வட கேப் மாகாணத்தின் மேற்குப் பக்கம் அட்லாண்டிக் கடலை ஒட்டிக் கிடக்கும் அரைப் பாலை. ஆண்டு மழை பல இடங்களில் 200 மில்லிமீட்டரைத் தொடாது. விழுகிற கொஞ்சமும் குளிர்காலத்தில் விழும். கடலோரத்தில் மணல் வெளிறியிருக்கும். உள்ளே வர வரச் சிவக்கும். முதன்முதலில் அந்தச் சிவப்பைப் பார்த்தபோது தேரிக்கே வந்துவிட்டதாக ஒரு கணம் தோன்றியது.

நம் டெய்சி மணலும் பொடிச் சரளையும் கலந்த தட்டை நிலத்தை விரும்பும். அதிலும் மனிதன் கை வைத்துவிட்டுப் போன நிலம் என்றால் கொண்டாட்டம். உழுது தரிசாக விட்ட கோதுமை வயல், சாலையோரம் கிளறிய மண், ஆடு மேய்ந்து வெறுமையான திடல் ஆகிய இடங்களில்தான் அது கம்பளம் போல அடர்ந்து வரும். நமாக்வா தேசியப் பூங்காவின் ஸ்கில்பாட் பகுதி காமிஸ்க்ரோனிலிருந்து இருபது கிலோமீட்டருக்குச் சற்று அதிகம், மண் சாலை. அங்கே பார்க்கிற அந்தப் பிரமாண்டமான ஆரஞ்சு வயல்கள் முன்பு கோதுமை விளைந்த நிலங்கள். கன்னி நிலத்தின் அழகு என்று நினைத்துப் படமெடுப்பவர்களிடம் இதைச் சொன்னால் முகம் கொஞ்சம் வாடும். எனக்கு அது பிடித்திருக்கிறது: உழுதவன் போன பிறகு மண்ணுக்கு முதலில் வந்து போர்வை போர்த்துகிற செடி இது.

கன்னி நிலத்தில், பாறைக் குன்றுகளின் இடுக்கில், பல வகைப் பூக்கள் கலந்து நிற்கும். அங்கே ஆரஞ்சைப் பார்த்தால் சந்தேகத்தோடு நெருங்குங்கள்.

மூன்றாம் படி: பூவுக்கு முன் செடி

கண் பூவுக்குத்தான் போகும். அதைத் தடுத்து, முதலில் செடி எப்படி நிற்கிறது என்று பாருங்கள். இது ஒரு பருவச் செடி. வேரில் கிழங்கோ கட்டையோ இருக்காது. உயரம் ஒரு சாண், அதிகம் போனால் 30 சென்டிமீட்டர். அடியிலேயே கிளைத்து, பல தண்டுகள் கொஞ்சம் சாய்ந்து மேலே வரும். தண்டில் பெரும்பாலும் செம்மை ஓடியிருக்கும். ஒவ்வொரு தண்டின் நுனியிலும் ஒரே ஒரு பூத்தலை. தண்டில் இலை இருக்க வேண்டும். தரையோடு இலைகள் வட்டமாக அமர்ந்து, நடுவிலிருந்து மொட்டைக் காம்பில் பூ வந்தால் நீங்கள் பார்ப்பது வேறு செடி.

நான்காம் படி: இலை

நீள்சதுரத்துக்கும் ஈட்டி முனைக்கும் இடைப்பட்ட வடிவம், அகலம் குறைவு. ஓரம் முழுதும் அலை அலையாக, இங்கொன்றும் அங்கொன்றுமாக மொண்ணைப் பற்களோடு இருக்கும். கொத்தமல்லி போல நறுக்கி நறுக்கிப் பிரிந்திருக்காது. இலையை மெல்லப் புரட்டி அடிப்பக்கத்தைப் பாருங்கள்: மேலே பச்சை என்றால் அடியிலும் பச்சைதான். வெள்ளைக் கம்பளி ஒட்டியது போல இருந்தால் இது அல்ல. விரலில் லேசாகப் பிசுபிசுக்கும். நுண்ணிய சுரப்பி முடிகள் செய்கிற வேலை. முகர்ந்தால் இலை வாசம் மெல்ல வரும்.

ஐந்தாம் படி: பூவின் முகம்

ஐந்து ராண்ட் நாணயம் ஒன்றைப் பையிலிருந்து எடுத்துப் பூவுக்குப் பக்கத்தில் பிடியுங்கள். அதன் விட்டம் 26 மில்லிமீட்டர். நன்றாக விரிந்த பூத்தலை அதைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு அகலம் இருக்கும். கதிர்ப்பூக்கள் பளிச்சென்ற ஆரஞ்சு. வெளிறிய மாம்பழ நிறத்திலும் எப்போதாவது வரும். சில செடிகளில் கதிர்ப்பூவின் அடியில் மங்கிய ஊதா அல்லது பழுப்புக் கறை தெரியும், சிலவற்றில் தெரியாது. நடுப்பொத்தான் ஆரஞ்சு மஞ்சளில் தொடங்கும். தட்டுப்பூக்களின் நுனியில் கருஞ்சிவப்பு, செம்பு நிறம் தட்டியிருக்கும். லென்ஸ் வைத்துப் பார்த்தால் அந்தப் பொத்தானுக்குள் ஐந்து முனை நட்சத்திரங்கள் நூறு நிற்பது போலத் தோன்றும்.

பெரும்பாலும் அதற்குள் தலையைப் புதைத்துக்கொண்டு ஒரு வண்டும் இருக்கும். குரங்கு வண்டு என்று பெயர்; முடி நிறைந்த முதுகும் நீண்ட பின்கால்களுமாக, வெல்லப் பாகு பாத்திரத்தில் விழுந்த எறும்பு மாதிரி நகராமல் கிடக்கும். அதைத் தட்டிவிடாதீர்கள். மகரந்தத்தைச் சுமந்து போகிற ஆள் அது.

முகத்தை வைத்து இவ்வளவுதான் சொல்ல முடியும். இதோடு நிறுத்திவிட்டு முடிவுக்கு வருகிறவர்கள்தான் வாட்ஸ்அப் குழுவில் தவறான பெயரைப் போடுகிறவர்கள். முன்னாள் உறுப்பினன் என்ற முறையில் சொல்கிறேன்.

ஆறாம் படி: பூவைத் திருப்பிப் பாருங்கள்

காம்பை ஒடிக்காமல், இரண்டு விரலால் பூத்தலையைச் சற்றே சாய்த்து அதன் அடியைப் பாருங்கள். முடியாவிட்டால் செல்பேசியைத் தரையோடு வைத்துக் கீழிருந்து ஒரு படம் எடுங்கள். மேகம் மூடிய நாளில் போய் மாட்டிக்கொண்டவர்களுக்கும் இந்தப் படி உதவும், ஏனென்றால் மூடிய பூவில் அடிப்பக்கம் இன்னும் நன்றாகத் தெரியும்.

நம் டெய்சியின் பூவடிச் செதில்கள் ஒல்லியானவை, பச்சை, கூர்மையானவை; ஏறத்தாழ ஒரே நீளத்தில், ஒரே சுற்றாக நிற்கும். ஒன்றோடொன்று ஒட்டியிருக்காது. ஊசி நுனியால் தனித்தனியாகப் பிரித்துவிடலாம். ஓரம் மட்டும் மெல்லிய சவ்வாக இருக்கும். நெருங்கிய உறவினர்கள் அல்லாத எல்லா வேடதாரிகளும் இந்த இடத்திலேயே கழன்றுவிடுவார்கள்.

ஏழாம் படி: கனி, அதாவது உண்மையான அடையாளச் சீட்டு

எனக்கு மிகப் பிடித்த படி இது. செப்டம்பர் தொடக்கத்தில் போனால் பூவும் கனியும் ஒரே செடியில் கிடைக்கும். இதழ்கள் உதிர்ந்து காய்ந்த தலை ஒன்றைத் தேடுங்கள். அதற்குக் கீழே ஒரு வெள்ளைத் தாளை நீட்டி, தலையை மெல்லத் தட்டினால் இரண்டு விதமான கனிகள் விழும்.

ஒன்று தட்டையானது. நடுவில் விதை, சுற்றிலும் காகிதம் போன்ற மெல்லிய சிறகு. பொரிக்காத குட்டி அப்பளம் போல இருக்கும். வாயால் ஊதினால் தாளை விட்டுப் பறந்துவிடும். இது நடுவில் இருந்த தட்டுப்பூக்களிலிருந்து வந்தது. இன்னொன்று மூன்று பட்டை உள்ள குச்சி போன்றது. மேலே முண்டும் முடிச்சுமாக, பொம்மை வீட்டுப் பாகற்காய் என்று சொல்லலாம். சிறகு கிடையாது. ஊதினால் உருளும், பறக்காது. இது சுற்றியிருந்த கதிர்ப்பூக்களின் பிள்ளை. ஒரே தலை, ஒரே தாய், இரண்டு வடிவம். டைமார்ஃபோதிகா என்ற பெயரின் பொருள் அந்த வெள்ளைத் தாளில் கிடக்கும்.

ஏன் இந்த ஏற்பாடு? மழை வருமா வராதா என்று தெரியாத ஊரில் ஒரு செடி வீட்டுச் சொத்து முழுவதையும் ஒரே சீட்டில் கட்ட முடியாது. சிறகுள்ளது காற்றோடு போய்ப் புதிய மணலில் இடம் பிடிக்கப் பார்க்கும். சிறகில்லாதது தாய் நின்ற இடத்திலேயே விழும். அந்த மண் ஏற்கெனவே ஒரு முறை பிழைக்கவைத்த மண். பார்த்த அன்று இரவு, ஊரில் இருந்த என் தாத்தா நிலத்தைக் கொஞ்சம் மேட்டிலும் கொஞ்சம் பள்ளத்திலுமாக வாங்கிப் போட்டது நினைவுக்கு வந்தது.

இன்னொரு சோதனை: கனியின் தலையில் முடிக்கற்றையோ செதில் கிரீடமோ இருக்கக் கூடாது. வெட்டுக்காயப் பூண்டின் விதை குடை பிடித்துக்கொண்டு பறப்பதைச் சின்ன வயதில் ஊதி விளையாடியிருப்பீர்கள். அந்தக் குடை இதற்குக் கிடையாது. குடை இருந்தால், பெயரை மாற்றி எழுதுங்கள்.

வேடதாரிகள்

கசானியா என்னை ஏமாற்றியது போல எல்லோரையும் ஏமாற்றும். அதன் முகம் இன்னும் பகட்டானது. கதிர்ப்பூவின் அடியில் கரும்புள்ளிகள், சிலவற்றில் அந்தப் புள்ளிக்குள் ஒரு வெள்ளைக் கண். இலை தரையோடு அமர்ந்திருக்கும், அடிப்பக்கம் வெள்ளைக் கம்பளி. பூவைத் திருப்பினால் செதில்கள் ஒட்டிப் பிறந்து ஒரு சின்னக் கோப்பையாக இருக்கும். காயம்பட்ட இடத்தில் பால் கசியும். நான்கு அடையாளங்களும் எதிர். நான் ஒன்றைக்கூடப் பார்க்காமல்தான் அம்மாவுக்குப் படம் அனுப்பினேன்.

உர்சினியா கூட்டமாகப் பூக்கும், தூரத்தில் நம் டெய்சிதான் என்று சத்தியம் செய்யலாம். ஆனால் அதன் இலை சதகுப்பை போல நூல் நூலாகப் பிரிந்திருக்கும், மொட்டு தலை குனிந்து நிற்கும். செதில்கள் பல வரிசை. உள்வரிசைச் செதிலின் நுனி வட்டமாக, கண்ணாடித் தாள் போல ஒளி ஊடுருவும்.

ஆர்க்டோட்டிஸ் ஃபாஸ்துவோசா பெரிய வீட்டுக்காரர். பூத்தலை உள்ளங்கையை நிறைக்கும். நடுப்பகுதி கறுப்பாகப் பளபளக்கும். செடி முழுக்கச் சிலந்தி வலை பூசியதுபோல வெள்ளி முடி. ஒருமுறை பார்த்தால் பிறகு குழப்பம் வராது.

கோர்ட்டீரியா டிஃபூசாவைப் பற்றிக் கொஞ்சம் அதிகம் சொல்லித்தான் ஆக வேண்டும். தரையோடு படர்கிற சிறிய செடி, ஆரஞ்சுப் பூ. கதிர்ப்பூக்கள் சிலவற்றில் மட்டும் கறுப்புப் புடைப்பு ஒன்று இருக்கும். பச்சையும் கறுப்பும் மினுங்க, அசல் ஈ உட்கார்ந்திருப்பது போலவே தெரியும். நானே விரட்டக் கை ஓங்கினேன். தேனீ போலத் தோன்றும் அந்த வட்டாரத்து ஈ வகை ஒன்றின் ஆணும் ஏமாறுகிறது: பெண் ஈ என்று நினைத்து அந்தப் புடைப்பின் மேல் போய் அமர்ந்து சேரப் பார்க்கும், ஏமாந்து அடுத்த பூவுக்குப் போகும், மகரந்தம் இலவசமாக இடம் மாறும். மனிதனையும் ஈயையும் ஒரே புள்ளியால் ஏமாற்றுகிற பூவிடம் நிறத்தைக் கேட்டு அடையாளம் காண முடியுமா? இதன் கனித்தலை முள் கட்டியிருக்கும், நெருஞ்சி போலக் காலுறையில் ஒட்டிக்கொண்டு வீடு வரை வரும்.

கடினமான இரட்டையர் ஆஸ்டியோஸ்பெர்மம் ஹையோசெராய்டெஸ். நம் டெய்சிக்கு நெருங்கிய சொந்தம். ஒரு பருவச் செடி, ஆரஞ்சுப் பூ, கறுத்த நடு, பிசுபிசுப்பு எல்லாம் அப்படியே. இங்கே ஏழாம் படிதான் காப்பாற்றும். அதில் கதிர்ப்பூக்கள் மட்டுமே கனி தரும். அந்தக் கனிக்கு மூன்று சிறகு இருக்கும். தட்டுப்பூக்கள் மலடு. வெள்ளைத் தாளில் ஒரே வகைதான் விழும். கனி முற்றாத பருவத்தில் போயிருந்தால், குறிப்பேட்டில் இரண்டு பெயரையும் எழுதிக் கேள்விக்குறி போட்டுவிடுங்கள். கேள்விக்குறி போடுவதில் வெட்கம் இல்லை. நான் நிறையப் போட்டு வைத்திருக்கிறேன்.

கேப் டவுனுக்கு நெருக்கமாக, மேற்குக் கடற்கரைத் தேசியப் பூங்காவின் போஸ்ட்பெர்க் பகுதியில் வெள்ளையாகக் கம்பளம் விரிப்பது நம் டெய்சியின் தங்கை, டைமார்ஃபோதிகா ப்ளூவியாலிஸ். மழை வரப் போனால் மூடிக்கொள்வதால் மழை டெய்சி என்று பெயர். வெள்ளை இதழின் அடியில் ஊதா வளையம். போஸ்ட்பெர்க் பூக்காலமான ஆகஸ்டிலும் செப்டம்பரிலும் மட்டும்தான் திறந்திருக்கும். ஒரே நாளில் போய்த் திரும்பலாம் என்பதால், புதியவர்கள் கையைப் பழக்கிக்கொள்ள நல்ல இடம்.

இன்னும் பக்கத்தில் வேண்டும் என்றால் கிர்ஸ்டன்போஷ் தாவரவியல் தோட்டம் அல்லது வூஸ்டரில் உள்ள கரூ பாலைவனத் தோட்டம். இரண்டிலும் பெயர்ப் பலகை உண்டு. பலகையைக் கையால் மறைத்துக்கொண்டு பெயரை ஊகித்து, பிறகு கையை எடுத்துப் பாருங்கள். ஒரு எச்சரிக்கை: வீதியோரப் பூப்பாத்திகளிலும் நர்சரிகளிலும் இருப்பவை பெரும்பாலும் கலப்பினங்கள். வெண்ணெய் நிறம், இளஞ்சிவப்பு, எலுமிச்சை என்று கண்டபடி வரும். அங்கே பழகினால் கை கெட்டுப்போகும்.

படம் எடுக்கும் முறை

ஒரு செடிக்கு ஐந்து படம் என்று வைத்துக்கொள்ளுங்கள்: முகம், அடி, இலையின் இரு பக்கம் சேர்ந்து ஒன்று, செடி முழுவதும் நாணயத்தோடு ஒன்று, கனி இருந்தால் அது. ஐநேச்சுரலிஸ்ட் செயலியில் ஏற்றினால் தென்னாப்பிரிக்கத் தாவரம் அறிந்தவர்கள் பார்த்துச் சரி சொல்வார்கள் அல்லது திருத்துவார்கள். வெறும் முகத்தை ஏற்றிவிட்டுப் பதிலுக்குக் காத்திருந்தால் ஆயுசு போய்விடும்.

நம் டெய்சி ஏராளமாக வளர்வது. இடத்தை வெளிப்படையாகக் குறிப்பதில் ஆபத்து இல்லை. ஆனால் பக்கத்துச் சரளையில் கூழாங்கல் போல உருண்டு கிடக்கும் கோனோஃபைட்டம் வகைக் குட்டிச் செடிகளைப் பார்த்துவிட்டால் இடத்தை மட்டும் எங்கும் போடாதீர்கள். அவற்றைப் பெயர்த்து வெளிநாட்டுக்குக் கடத்துகிற கூட்டம் இந்த மாகாணத்தில் பெரிய தலைவலியாகிவிட்டது. புதர் ஓரத்தில் குனிந்து நோண்டுகிறவரைக் காவலர்கள் வந்து விசாரித்தால் கோபப்பட வேண்டாம். தாளையும் லென்ஸையும் காட்டினால் போதும்.

பாதையை விட்டு வயலுக்குள் இறங்காதீர்கள். ஒரு படத்துக்காக நடுவில் போய்ப் படுத்து எழுகிற இடத்தில் அந்த ஆண்டு விதை விழாது. மணலும் பாறையும் சூடேறுகிற நேரத்தில் பஃப் ஆடர் என்கிற விரியனும் வெயில் காய வரும். அது எளிதில் நகராது, மிதித்தாலோ மிக நெருங்கினாலோ கடிக்கும். காலை எங்கே வைக்கிறோம் என்று பார்த்து வையுங்கள். நெடுஞ்சாலை ஓரத்தில் சட்டென்று காரை நிறுத்துவதையும் விடுங்கள். பின்னால் சரக்கு லாரி வரும்.

பறிக்கலாமா?

கூடாது. அனுமதிச் சீட்டு இல்லாமல் காட்டுப்பூவைப் பறிப்பது வட கேப்பிலும் மேற்கு கேப்பிலும் சட்டப்படி குற்றம். சாலையோரம்தானே என்ற வாதம் செல்லாது. வெள்ளைத் தாளில் தட்டிப் பார்த்த கனிகளையும் அதே இடத்தில் கொட்டிவிட்டு வர வேண்டும்.

போன ஆண்டு எங்களோடு வந்தவர்களில் என் நண்பனின் பாட்டியும் ஒருவர். டர்பனில் பிறந்து வளர்ந்து, அங்கே சாட்ஸ்வொர்த் பகுதியில் வசிப்பவர். 1860க்குப் பிறகு கரும்புத் தோட்டத்துக்குக் கப்பலேறி வந்தவர்களின் வழிவந்த குடும்பம். பேரப்பிள்ளைகளைப் போல நானும் அவரை ஆயா என்றுதான் கூப்பிடுவேன். ஆடி மாதக் கூழ் வழிபாட்டை முடித்துவிட்டு நேரே எங்களிடம் வந்திருந்தார். வயலைப் பார்த்ததும் சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு குனிந்தார்.

"ஆயா, இதைப் பறிக்கக் கூடாது."

"அம்மனுக்கு இரண்டே இரண்டு, தம்பி. இவ்வளவு கிடக்கிறது, யார் எண்ணப் போகிறார்கள்?"

"எண்ணுவதற்கு ஆள் இருக்கிறது, ஆயா. அபராதமும் இருக்கிறது."

அவர் விடவில்லை. அப்படியானால் உன் லென்ஸையாவது கொடு என்று வாங்கிக்கொண்டு, அரை மணி நேரம் ஒரே செடியின் முன்னால் உட்கார்ந்துவிட்டார். நான் சொல்லாமலேயே காய்ந்த தலையைக் கைக்குட்டையில் தட்டி, பறக்கிறதையும் பறக்காததையும் இரண்டு குவியலாகப் பிரித்து வைத்திருந்தார். காலமெல்லாம் அரிசியில் கல் பொறுக்கிய கண். குவியல் இரண்டையும் மணலில் திருப்பிக் கொட்டும்போது மட்டும் எனக்குக் கொஞ்சம் பாவமாக இருந்தது.

வீட்டில் வளர்க்க ஆசைப்படுகிறவர்கள் கடையில் விதைப் பொட்டலம் வாங்கலாம். அதில் தடை இல்லை. மார்ச் கடைசி, ஏப்ரலில் தூவ வேண்டும். ஆற்று மணலை நிறையக் கலந்து, நிழலே விழாத இடத்தில் தொட்டியை வையுங்கள். உரம் வேண்டாம், உரம் போட்டால் இலைதான் வரும். விதையை ஆழமாகப் புதைக்காமல் மேலாக மணல் தூவினால் போதும். டர்பன் பக்கம் குளிர்காலத்தில் மழை இல்லை என்பதால் அங்கே நீங்கள்தான் தண்ணீர் ஊற்ற வேண்டும்.

ஆயா அப்படித்தான் சாட்ஸ்வொர்த்தில் மூன்று தொட்டி போட்டார். பூத்ததும் தொலைபேசியில் கூப்பிட்டார், குரலில் நிறையக் கோபம். மாலை விளக்கேற்றும் நேரத்தில் பறித்து அம்மன் படத்துக்கு வைத்தால், எல்லாம் முகத்தை மூடிக்கொண்டே இருக்கின்றனவாம். மணி என்ன என்று கேட்டேன். ஆறு என்றார். இப்போது அவர் வீட்டில் பூசை பகல் பதினொரு மணிக்கு.